கோவை வட்டாரத்தில் குடற்புழு நோயும் சிகிச்சையும்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் கவுண்டம்பாளையத்தைத் தாண்டியதும் வரும் ஊர் துடியலூர். 2011-ல் கோவை மாநகராட்சியுடன் இணைக்கப்படும்வரை பேரூராட்சியாக இருந்தது. இங்குள்ள அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும், தமிழ்நாட்டின் பிற ஊர்களைப் போலவே, ஆண்டுக்கு இருமுறை குழந்தைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கப்படுகிறது. பெரும்பாலும் பிப்ரவரியில் ஒரு முறை, ஆகஸ்டில் ஒரு முறை. ஆசிரியரின் கண் முன்னால் குழந்தை அதை மென்று விழுங்க வேண்டும். அதற்கு முன் எந்தக் குழந்தையின் மலமும் சோதிக்கப்படுவதில்லை. புழு இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. நாள்காட்டியைப் பார்த்துக் கொடுக்கப்படும் மருந்து இது.

நூறாண்டுகளுக்கு முன் இப்படிச் செய்வதை எந்த மருத்துவரும் ஏற்றிருக்கமாட்டார். அன்றைய குடற்புழு மருந்துகள் புழுவை மட்டுமல்ல, சில வேளைகளில் நோயாளியையும் கொன்றன. ஆகவே முதலில் கண்டறிதல், பிறகே சிகிச்சை என்பது விதியாக இருந்தது. அந்த விதி தலைகீழாக மாறிய கதையில் கொங்கு நாட்டின் மண்ணுக்கும், அதைச் சுற்றியுள்ள மலைத்தோட்டங்களுக்கும் ஓரளவு பங்கு உண்டு.

பெயர்களும் வீட்டு அறிவும்

தமிழில் குடற்புழுவுக்கான பொதுவான பேச்சுச்சொல் 'பூச்சி'. குழந்தை சாப்பிட்டும் தேறவில்லை என்றால் 'வயித்துல பூச்சி இருக்குதுங்க' என்பது கொங்குப் பகுதியில் இன்றும் கேட்கும் பேச்சு. மண்புழுவைப் போல நீண்டு மலத்தோடு வெளிவருவது நாக்குப்பூச்சி. இதுவே மருத்துவ நூல்கள் உருண்டைப்புழு என்று சொல்வது. வளர்ந்த பெண் புழு ஒரு முழங்கை நீளம்கூட இருக்கும். காய்ச்சலின்போது வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ அது வெளியே வந்து வீட்டாரை நடுங்கச் செய்வதும் உண்டு. நூல் துண்டுபோல வெண்மையாக, ஆசனவாயில் இரவு நேரத்தில் அரிப்பை உண்டாக்குவது கீரிப்பூச்சி. தட்டையாகத் துண்டு துண்டாக வெளிவருவது நாடாப்புழு.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. குழந்தைகளுக்கு மிகுந்த கேட்டைச் செய்யும் கொக்கிப்புழு இந்தப் பட்டியலில் இல்லை. ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள அந்தப் புழு சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் உறிஞ்சுகிறது. மருந்து கொடுத்தாலன்றி அது மலத்தில் எளிதில் தென்படாது. ஆகவே அதை மக்கள் புழுவாக அறியவில்லை, அதன் விளைவை மட்டும் அறிந்திருந்தனர். வெளுப்பு, சோகை, பாண்டு என்று அதற்குப் பெயர் வைத்தனர். மண் தின்னும் குழந்தைக்குப் பாண்டு வரும் என்பது இந்திய மருத்துவ மரபுகளில் பழைய கருத்து. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தையே மண்ணைத் தேடித் தின்கிறது என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. காரணமும் விளைவும் இடம் மாறியிருந்தாலும், மண்ணுக்கும் சோகைக்கும் தொடர்பு உண்டு என்பதை அந்த மரபு கண்டுகொண்டிருந்தது.

வீட்டு அறிவில் தவறுகளும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பது, கன்னத்தில் வெள்ளைத் திட்டு விழுவது, தூங்கும்போது எச்சில் வடிப்பது ஆகிய மூன்றும் பூச்சியின் அடையாளங்களாகக் கொங்குப் பகுதியில் மட்டுமல்ல, தமிழகம் முழுவதும் நம்பப்படுகின்றன. கன்னத்தின் வெள்ளைத் திட்டு பெரும்பாலும் வறண்ட தோலால் வருவது. பல் கடிப்பது புழு இல்லாத குழந்தைகளிடமும் பரவலாகக் காணப்படுவது. வெல்லமும் மிட்டாயும் தின்றால் பூச்சி வரும் என்பதும் அப்படியே. புழு முட்டையிலிருந்து வருகிறது. அந்த முட்டை இன்னொரு மனிதரின் மலத்திலிருந்து வருகிறது. இனிப்பு அதற்குப் பொறுப்பல்ல.

வீட்டு மருந்துகளில் முதலிடம் விளக்கெண்ணெய்க்கு. ஆமணக்கை வரப்போரத்திலும் ஊடுபயிராகவும் வளர்த்த கொங்கு வேளாண் குடிகளுக்கு அது கைக்கெட்டும் மருந்து. குழந்தைகளுக்கு அவ்வப்போது பேதிக்குக் கொடுப்பது ஒரு வழக்கமாகவே இருந்தது. வெறும் வயிற்றில் வேப்பங்கொழுந்து உருண்டை, வாய்விளங்கம், முருக்கன் விதை, ஆடுதீண்டாப்பாளை, குப்பைமேனி ஆகியவை மற்றவை. விளக்கெண்ணெய் புழுவைக் கொல்லாது, குடலைக் கழுவும். தளர்ந்திருந்த சில நாக்குப்பூச்சிகள் அதில் அடித்துக்கொண்டு வெளியேறும். கண்ணெதிரே நான்கு புழு விழுந்தால் மருந்து வேலை செய்தது என்று தாய் நம்பியதில் வியப்பில்லை. குடற்சுவரைக் கவ்விய கொக்கிப்புழு அங்கேயே இருந்தது.

புழு அறிவியலுக்குள் வந்தது

1838-ல் இத்தாலியின் மிலான் நகரில் ஆஞ்சலோ துபினி என்னும் மருத்துவர் ஓர் உழவர் குடிப் பெண்ணின் உடலை அறுத்து ஆய்ந்தபோது கொக்கிப்புழுவை முதலில் கண்டார். நாற்பதாண்டுகளுக்குப் பிறகு ஆல்ப்ஸ் மலையில் கோத்தார்டு சுரங்கப்பாதை தோண்டிய தொழிலாளர்களிடையே சோகை பரவியபோதுதான் அதன் கொடுமை உலகுக்குத் தெரிந்தது. புழு உடலுக்குள் நுழையும் வழி 1898-ல் தற்செயலாகத் தெரியவந்தது. கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் இருந்த நீரைத் தன் கையில் சிந்திக்கொண்டார். தோல் சிவந்து அரித்தது. சில வாரங்கள் கழித்து அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டைகள் இருந்தன. வாய் வழியாக மட்டுமல்ல, வெறும் தோலைத் துளைத்தும் இந்தப் புழு உள்ளே வரும் என்பது அப்படித்தான் உறுதியானது. வெறுங்காலோடு நடக்கும் நாடுகளுக்கு இது பெரிய செய்தி.

காடும் தோட்டமும்

கொங்கு வட்டார வழக்கில் 'காடு' என்றால் மரங்கள் அடர்ந்த வனம் அல்ல, மழையை நம்பிய புன்செய் நிலம். 'தோட்டம்' என்பது கிணற்றுப் பாசனம் உள்ள நிலம். இந்த இரு சொற்களுக்கிடையே கொக்கிப்புழுவின் வரலாறும் அடங்கியிருக்கிறது எனலாம்.

மலத்தோடு மண்ணில் விழும் கொக்கிப்புழு முட்டை பொரிந்து, தோலைத் துளைக்கும் நிலைக்கு வளர ஐந்து முதல் பத்து நாட்கள் ஆகும். அதுவரை அதற்கு ஈரமும் நிழலும் இளஞ்சூடும் வேண்டும். வெயிலில் காய்ந்த மண்ணில் அது செத்துப்போகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் இருக்கும் கோவைச் சமவெளியில், சோளமும் கம்பும் விளைந்த காட்டு நிலம் ஆண்டின் பெரும்பகுதி காய்ந்தே கிடந்தது. மலம் கழிக்கக் 'காட்டுக்குப் போன' மக்களை அந்த வெயில் ஓரளவு காத்தது. ஆனால் வாழையும் கரும்பும் மஞ்சளும் நின்ற தோட்டங்களில், வெற்றிலைக் கொடிக்கால்களில், மலையடிவாரத்துப் பாக்குத் தோப்புகளில் வாய்க்கால் ஈரமும் நிழலும் ஆண்டு முழுவதும் இருந்தன. அங்கே வெறுங்காலோடு வேலை செய்தவர்களும், அவர்களோடு போன குழந்தைகளும் வேறொரு மண்ணில் நின்றார்கள்.

துடியலூரின் மேற்கே தடாகம் பள்ளத்தாக்கும் குருடி மலையும் உள்ளன. வடக்கே போகும் சாலை மேட்டுப்பாளையம் வழியாக நீலகிரிக்கு ஏறுகிறது. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம்வரை இருப்புப்பாதை 1873-ல் போடப்பட்டது. நீலகிரியின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் போன முக்கிய வழிகளில் இதுவும் ஒன்று. தெற்கே பொள்ளாச்சி வழியாக ஆனைமலைக்கு ஏறினால் வால்பாறை. 1890-களின் இறுதியிலிருந்து அங்கே காடழித்துத் தோட்டங்கள் போடப்பட்டன. சமவெளியைவிடப் பல மடங்கு மழை பெய்யும் அந்த மலையில், ஈரமும் நிழலும் நிறைந்த தேயிலை வரிசைகளுக்கிடையே, கழிப்பறை இல்லாத லயன் வீடுகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் குடியமர்த்தப்பட்டனர். கொக்கிப்புழுவுக்கு இதைவிட ஏற்ற இடம் கிடையாது. காய்ந்த காட்டிலிருந்து சிறிதளவு புழுவோடு மலையேறிய தொழிலாளி, தோட்டத்தில் பெருமளவு புழுவை ஏற்றுக்கொண்டார். ஊர் திரும்பியபோது அதையும் கொண்டு வந்தார்.

ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல் அந்த வாழ்வை 1969-ல் 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். தோட்டங்களில் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்ததற்கு மலேரியாவை எல்லோரும் அறிவார்கள். மலேரியா வந்த உடலில் ஏற்கெனவே இரத்தம் இல்லாமற் செய்திருந்த கொக்கிப்புழுவைப் பற்றிய பேச்சு குறைவு.

கொள்ளைநோய்களோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைப் பிளேக் திரும்பத் திரும்பத் தாக்கியது. நகரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் உள்ளன. பெரியம்மைக்கும் காலராவுக்கும் மாரியம்மன் வழிபாடு உண்டு. குடற்புழுவுக்கு எந்தக் கோயிலும் எழவில்லை. அது ஒரே வாரத்தில் தெருவையே காலி செய்யும் நோயல்ல. குழந்தையைக் கொல்லாமல் வெளுக்கச் செய்து, வளர்ச்சியைக் குறைத்து, பள்ளியில் தூங்கவைக்கும் நோய். ஆகவே அது நோயாகவே எண்ணப்படவில்லை.

ஓமத்திலிருந்து ஒரு மருந்து

கொக்கிப்புழுவுக்கு முதலில் பரவலாகப் பயன்பட்ட மருந்து தைமால். 1880 வாக்கில் இத்தாலிய மருத்துவர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கினர். தைமால் பெருமளவில் எடுக்கப்பட்டது ஓமத்திலிருந்து. செரிமானத்துக்காகத் தமிழ் வீடுகளில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஓமத்தண்ணீரின் காரமும் மணமும் இதே பொருளால் வருபவை. முதல் உலகப்போருக்கு முன் இந்திய ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய், அங்கே தைமாலாக வடிக்கப்பட்டு, மருந்தாக உலகெங்கும் விற்கப்பட்டது. 1914-ல் போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது, மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஓமம் விளைந்த நாட்டில் ஓம மருந்துக்குப் பஞ்சம். காலனிய வணிகத்தின் வழக்கமான கணக்கு இது.

ஓமத்தண்ணீர் குடித்தால் கொக்கிப்புழு சாகும் என்று இதற்குப் பொருளல்ல. மருந்தாகக் கொடுத்த தைமாலின் அளவு மிகப் பெரியது. முதல்நாள் இரவு நோயாளிக்குப் பேதி உப்பு கொடுத்துக் குடலைக் காலி செய்வார்கள். காலையில் உணவில்லாமல் தைமால் குளிகைகள். பிறகு மீண்டும் பேதி உப்பு. இடையே எண்ணெயோ கள்ளோ சாராயமோ உட்கொண்டால் தைமால் அதில் கரைந்து இரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். விளக்கெண்ணெயையே புழு மருந்தாக நம்பிய ஊரில், இந்த மருந்தோடு விளக்கெண்ணெய் சேரக் கூடாது என்று சொல்லிப் புரியவைப்பது எளிதாக இருந்திருக்காது.

அடுத்து வந்தது கீனோபோடியம் எண்ணெய். பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருந்ததால் குழந்தைகளுக்கு இதை மிகுந்த அச்சத்துடனேயே கொடுத்தனர். 1921-ல் அமெரிக்கக் கால்நடை ஆய்வாளர் மாரிஸ் ஹால் கார்பன் டெட்ராகுளோரைடு கொக்கிப்புழுவை வீழ்த்தும் என்று கண்டறிந்தார். விலை மலிவு, பலன் அதிகம். ஆனால் கல்லீரலைக் கெடுத்தது, மது அருந்தியவர்களைக் கொன்றது. அது மட்டுமல்ல, குடலில் நாக்குப்பூச்சியும் இருந்தால் அதைச் சாகடிக்காமல் சீண்டிவிட்டது. சீண்டப்பட்ட நாக்குப்பூச்சிகள் பந்தாகச் சுருண்டு குடலை அடைக்கும் அபாயம் உண்டு. 1925-ல் வந்த டெட்ராகுளோரோஎத்திலீன் சற்றுப் பாதுகாப்பானது. இன்று துணிகளை உலர்சலவை செய்யப் பயன்படும் திரவம் அது. நாக்குப்பூச்சிக்குத் தனியாகச் சாண்டோனின் இருந்தது. அதைச் சாப்பிட்ட குழந்தைக்குச் சில மணி நேரம் எல்லாம் மஞ்சளாகத் தெரியும்.

இத்தகைய மருந்துகளை மலத்தை நுண்ணோக்கியில் பார்க்காமல் கொடுக்க முடியாது. எந்தப் புழு, எத்தனை என்று தெரிந்தாக வேண்டும். கண்டறிதல் கட்டாயமாக இருந்ததற்கு அறிவியல் ஒழுக்கம் மட்டும் காரணமல்ல, மருந்தின் மேலிருந்த பயமும் காரணம்.

மருந்தா, கழிப்பறையா

அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை தன் நாட்டுத் தென்மாநிலங்களில் 1909-ல் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கி, 1913-க்குப் பிறகு அதை உலகெங்கும் கொண்டு சென்றது. தமிழர்கள் அந்தத் திட்டத்துக்குள் முதலில் வந்தது தமிழ்நாட்டில் அல்ல, இலங்கையில். 1916-ல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் சிகிச்சை தொடங்கியது. சிகிச்சை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள். பின்னர் கப்பலேறும் முன்பே மண்டபம் முகாமில் வைத்து அவர்களுக்குக் கொக்கிப்புழு மருந்து கொடுக்கப்பட்டது.

அங்கே எழுந்த முரண்பாடு இன்றுவரை தீரவில்லை. அறக்கட்டளை மருத்துவர்கள், மருந்து கொடுத்தாலும் கழிப்பறை இல்லாவிட்டால் புழு திரும்ப வரும் என்றார்கள். தோட்ட நிர்வாகங்களுக்கு மருந்தில் சிக்கலில்லை, ஏனென்றால் இரத்தம் ஊறிய தொழிலாளி அதிகம் கொழுந்து பறிப்பார். கழிப்பறை கட்டும் செலவுதான் கசந்தது. மருந்து உற்பத்தியைக் கூட்டும் செலவு, கழிப்பறை வெறும் செலவு என்று அவர்கள் கணக்கிட்டனர். பத்தாண்டுகள் மருந்து கொடுத்துப் பார்த்தபின், 1926-ல் இலங்கையின் களுத்துறையில் சுகாதாரம், மகப்பேறு, தண்ணீர், கழிப்பறை எல்லாவற்றையும் ஒன்றாகக் கவனிக்கும் சுகாதார அலகு தொடங்கப்பட்டது.

சென்னை மாகாணத்தில் 1920-களில் இந்தப் பணியை முன்னின்று நடத்தியவர் அறக்கட்டளையைச் சேர்ந்த ஜே. எஃப். கெண்ட்ரிக். மருந்துக் கலவைகளின் பலனையும் அவர் இங்கே ஆராய்ந்தார். அதே காலத்தில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியிலிருந்து ஆசா சாண்ட்லர் என்னும் அமெரிக்கர் இந்தியா முழுவதற்குமான கொக்கிப்புழு ஆய்வை நடத்தினார். அவருடைய ஆய்வு ஒரு முக்கியமான வேறுபாட்டை வலியுறுத்தியது. புழு இருப்பது வேறு, புழுவால் நோய்வாய்ப்படுவது வேறு. இந்தியாவின் பல பகுதிகளில் பாதிக்கு மேற்பட்டோரிடம் புழு இருந்தும் ஒவ்வொருவரிடமும் சிலவே இருந்தன. உடல் அதைத் தாங்கிக்கொண்டது. புழுக்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்த மழைமிகு தோட்டப் பகுதிகளில்தான் அது நோயாயிற்று.

இந்த வேறுபாட்டை எண்ணிக்கையில் பார்க்கலாம். நம் பகுதியில் பெரும்பாலும் காணப்படும் கொக்கிப்புழு இனம் ஒன்று, நாளொன்றுக்கு 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தை வீணாக்குகிறது. பத்துப் புழு என்றால் பொருட்படுத்த வேண்டியதில்லை. நூறு புழு என்றால் நாளுக்கு 3 மில்லிலிட்டர். அதிலுள்ள இரும்புச்சத்து ஏறத்தாழ ஒன்றரை மில்லிகிராம். ஒரு பகுதியைக் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொண்டாலும், சிறு குழந்தை ஒரு நாள் உணவிலிருந்து பெறும் இரும்புச்சத்தே ஒரு மில்லிகிராம் அளவுதான். வரவைவிடச் செலவு கூடும்போது குழந்தை வெளுக்கிறது. கேழ்வரகும் கீரையும் உண்ணும் குழந்தை சிறிது காலம் தாங்கும், வெறும் சோறும் ரசமும் உண்ணும் குழந்தை தாங்காது.

பழவேற்காட்டில் எண்ணிய புழுக்கள்

1980-களில் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள வைரவன்குப்பம் என்னும் மீனவர் ஊரில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஒரு கடினமான வேலையைச் செய்தனர். ஊராருக்குப் பூச்சி மருந்து கொடுத்து, அடுத்த இரண்டு நாட்களின் மலத்தைச் சேகரித்து, விழுந்த புழுக்களை ஒவ்வொன்றாக எண்ணினர். சிலரிடம் மிக அதிகமான நாக்குப்பூச்சிகள், பலரிடம் ஒன்றிரண்டு, சிலரிடம் ஒன்றுமே இல்லை. ஊரின் புழுக்களில் பெரும்பகுதி சிறு எண்ணிக்கையிலான ஆட்களுக்குள் குவிந்திருந்தது. ஏறத்தாழ ஓர் ஆண்டு கழித்து மீண்டும் மருந்து கொடுத்து எண்ணியபோது, நாக்குப்பூச்சி ஏறக்குறையப் பழைய அளவுக்கே திரும்பியிருந்தது. முன்பு அதிகம் வைத்திருந்தவர்களிடமே மீண்டும் அதிகம் சேர்ந்திருந்தது.

பள்ளிகளில் மாத்திரை கொடுக்கும் இன்றைய முறையின் வலுவும் குறையும் இந்த ஒரு கண்டறிதலில் இருக்கின்றன. புழு திரும்ப வருவதால் ஒருமுறை மருந்து போதாது, ஆறு மாதத்துக்கொருமுறை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். யாரிடம் புழு குவிந்திருக்கிறது என்பது சோதிக்காமல் தெரியாது. அப்படியென்றால் எல்லோருக்கும் கொடுப்பதே எளிது.

சோதிக்காமல் கொடுக்கும் துணிச்சல் மருந்து மாறியதால் வந்தது. 1950-களில் வந்த பைப்பரசின் நாக்குப்பூச்சியை முடக்கி வெளியேற்றியது. இனிப்பு சேர்த்த பாகாகக் கிடைத்ததால் குழந்தைகள் மறுக்காமல் குடித்தனர். 1970-களின் தொடக்கத்தில் மெபெண்டசோல் வந்தது. அதே பத்தாண்டில் ஆடுமாடுகளுக்காக உருவாக்கப்பட்ட அல்பெண்டசோல் 1980-களில் மனிதர்களுக்கும் வந்தது. ஒரே மாத்திரை, உண்ணாநோன்பு வேண்டாம், பேதி வேண்டாம். புழு இல்லாத குழந்தைக்குக் கொடுத்தாலும் தீங்கு மிக அரிது. ஒரு மாத்திரையின் விலை ஒரு மலப்பரிசோதனையின் செலவைவிடக் குறைந்தபோது நுண்ணோக்கிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

சத்துணவிலிருந்து தேசிய நாளுக்கு

தமிழ்நாட்டில் குழந்தைகளுக்குக் கூட்டமாகப் புழு மருந்து கொடுப்பது தேசியத் திட்டத்துக்கு மிக முன்பே தொடங்கியது. 1980-ல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்ப்பதோடு புழு நீக்கமும் ஒரு பணியாக இருந்தது. 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தபின், போடும் சோற்றில் ஒரு பங்கைப் புழு தின்றுவிடக் கூடாது என்ற எண்ணம் வலுப்பெற்றது.

2001-ல் உலக சுகாதாரப் பேரவை, ஆபத்துக்குட்பட்ட பள்ளி வயதுக் குழந்தைகளில் 75 விழுக்காட்டினருக்கு 2010-க்குள் மருந்து கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தது. இந்தியாவில் தேசிய குடற்புழு நீக்க நாள் 2015 பிப்ரவரி 10 அன்று தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் தொடங்கி, மறு ஆண்டு நாடு முழுவதற்கும் விரிந்தது. 1 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் இதில் அடங்குவர். ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை அரை மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் முழு மாத்திரை, 400 மில்லிகிராம். காய்ச்சலோ வேறு நோயோ உள்ள குழந்தைக்கு அன்று கொடுப்பதில்லை, குணமானபின் அடுத்த வாரம் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுள்ள பெண்களுக்கும், கருவுற்றோர் பாலூட்டுவோர் தவிர, மாத்திரை கொடுக்கப்படுகிறது.

இதன் பலன் எவ்வளவு என்பதில் உலக அளவில் கடும் சண்டை நடந்தது. கென்யாவின் பள்ளிகளில் மைக்கேல் கிரமரும் எட்வர்டு மிகுவெலும் நடத்திய ஆய்வு, புழு மருந்து பள்ளிக்கு வராத நாட்களைக் குறைத்தது என்றது. உத்தரப்பிரதேசத்தில் 1999 முதல் 2004 வரை பத்து லட்சம் சிறு குழந்தைகளிடையே நடந்த ஆய்வோ, ஆறு மாதத்துக்கொருமுறை கொடுத்த அல்பெண்டசோல் இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்றது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினாலும் விளக்கம் பழவேற்காட்டில் இருக்கிறது. புழு மிகுந்த சிலருக்கு மருந்து பெரும் நன்மை செய்கிறது. புழு இல்லாத பலரோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்த நன்மை கரைந்துவிடுகிறது. வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் பள்ளிகளில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் நடத்திய ஆய்வில் சில பள்ளிகளில் ஒரு குழந்தையிடமும் புழு இல்லை, வேறொன்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தையிடம் இருந்தது. மாவட்டச் சராசரி இவ்விரு பள்ளிகளைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

இன்னொரு குறை, கொக்கிப்புழு குழந்தைகளைவிடப் பெரியவர்களிடம் அதிகம் இருப்பது. குழந்தைக்கு மட்டும் மருந்து கொடுத்தால் தோட்டத்து மண்ணில் முட்டை விழுவது நிற்காது. ஊரில் எல்லோருக்கும் கொடுத்தால் புழுவின் சுழற்சியே அறுபடுமா என்று சோதிக்கும் பன்னாட்டு ஆய்வு ஒன்று 2017-ல் தொடங்கி, ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளோடு தமிழ்நாட்டின் திமிரி, ஜவ்வாது மலைப் பகுதிகளிலும் நடந்தது.

களுத்துறையில் எழுந்த கேள்விக்கும் இங்கே முழு விடை கிடைக்கவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் கழிப்பறை உள்ள வீடுகள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு, 23 விழுக்காடு. புழு மருந்து கால் நூற்றாண்டுக்கு மேல் விநியோகிக்கப்பட்ட பிறகான நிலை அது. அதன்பின் கழிப்பறைகள் பெருகியுள்ளன, பள்ளிக் குழந்தைகளுக்கு அரசு விலையில்லாக் காலணியும் கொடுத்தது. துடியலூரில் காடும் தோட்டமும் வீட்டுமனைகளாகிவிட்டன. தார்ச்சாலையிலும் சிமெண்டுத் தரையிலும் கொக்கிப்புழுவால் வளர முடியாது. கோவை நகரத்துக் குழந்தையிடம் அது அரிதானதற்கு மாத்திரையைப் போலவே செருப்பும் சிமெண்டும் காரணம். மேற்கே தடாகம் பள்ளத்தாக்கில் 2021-ல் மூடப்படும்வரை இயங்கிய செங்கற்சூளைகளில், ஈரச் செம்மண்ணில் வெறுங்காலோடு நின்ற குடும்பங்கள் வேலை தேடி இடம் மாறுபவை. பள்ளி செல்லாத குழந்தைகள் அங்கன்வாடிக்கு வந்து மாத்திரை பெறலாம் என்று திட்டம் சொல்கிறது. எந்த ஊரின் பதிவேட்டிலும் பெயர் இல்லாத குழந்தையை யாராவது தேடிப்போய் அழைத்தால்தான் அது நடக்கும்.

இன்று கண்டறிதல்

பள்ளியில் மாத்திரை கொடுப்பதால் வீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்றுமில்லை என்று ஆகாது. கீழிமையும் நாக்கும் நகமும் வெளுத்திருப்பது, சற்று ஓடினாலே மூச்சு வாங்குவது, மண், சாம்பல், அரிசி, சாக்குக்கட்டி தின்பது ஆகியவை இரத்தச்சோகையின் அடையாளங்கள். இங்கே புழு மாத்திரை மட்டும் போதாது. இரத்தப்பரிசோதனையும் பல மாதங்களுக்கு இரும்புச்சத்து மருந்தும் தேவைப்படும். புழு செத்தாலும் இழந்த இரத்தம் தானாக ஊற நாளாகும். வயிறு உப்பி, கடும் வலியோடு வாந்தி எடுத்து, மலம் போகாமல் இருந்தால் நாக்குப்பூச்சிகள் குடலை அடைத்திருக்கலாம். அப்போது வீட்டில் விளக்கெண்ணெயோ பூச்சி மருந்தோ கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நாட்பட்ட சீதபேதியோடு ஆசனக்குடல் வெளித்தள்ளினால் சாட்டைப்புழுவாக இருக்கலாம். ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரைக்கு அது எளிதில் அசையாது, மூன்று நாட்கள் மருந்து வேண்டியிருக்கும்.

இன்றைய நகரக் குழந்தையிடம் அதிகம் தென்படும் கீரிப்பூச்சி, மண் வழியாகப் பரவுவதன்று. விரல் நகத்திலும் படுக்கைத் துணியிலும் ஒட்டிய முட்டைகளால் வீட்டுக்குள்ளேயே பரவுவது. ஆறு மாதத்துக்கொருமுறை வரும் மாத்திரை நாளால் அதை நிறுத்த முடியாது. வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து எடுத்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும். நகம் வெட்டி, உள்ளாடையையும் போர்வையையும் வெந்நீரில் துவைக்க வேண்டும். சாதாரண மலப்பரிசோதனையில் இதன் முட்டை பெரும்பாலும் தெரியாது. காலையில் குழந்தை எழுந்து கழுவும் முன் ஒட்டுநாடாவை ஆசனவாயில் ஒற்றி எடுத்து ஆய்வகத்தில் பார்க்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். குழந்தை தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, டார்ச் விளக்கு அடித்துத் தாய் பார்த்தாலும் போதும். முட்டையிட வெளியே வரும் வெள்ளை நூல்கள் கண்ணுக்கே தெரியும்.